ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியின் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

சாம்பல் கிளி தன் நோயை மறைத்தே பழகிய பறவை. காட்டில் கூட்டத்துக்குள் ஒன்று தளர்ந்து தெரிந்தால் வேட்டைப் பறவையின் கண் முதலில் அதன் மேல்தான் விழும் என்பதால், உடல் எவ்வளவு நலிந்திருந்தாலும் ஆள் அருகில் வரும்போது அது நிமிர்ந்து உட்காரும், இறகைக் கோதிக்கொள்ளும், தீனிக் கிண்ணத்தில் அலகை வைத்துத் தின்பதைப் போலவும் காட்டும். ஆகவே ஏதோ சரியில்லை என்று வளர்ப்பவர் முதன்முதலாக உணரும் நாளில், கோளாறு தொடங்கிப் பல நாள்கள், சில வேளைகளில் பல மாதங்களே கூட ஆகியிருக்கும். கீழே கூறப்படும் படிகள் பயன் தர வேண்டுமானால், கிளி நலமாக இருந்த நாள்களில் அது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு குறிப்பு வீட்டில் இருந்தாக வேண்டும்.

எழுதி வைக்க வேண்டியவை மூன்று. முதலாவது எடை. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசின் மேல் கிளி உட்கார ஒரு சிறு கொம்பைப் பொருத்தி, காலையில் முதல் எச்சம் போட்ட பின்னர், தீனி வைப்பதற்கு முன்னர், வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது நிறுக்க வேண்டும். சாம்பல் கிளியின் இரு இனங்களுள் காங்கோ இனம் பெரும்பாலும் 400 முதல் 500 கிராம் வரையிலும், டிம்னே இனம் 275 முதல் 375 கிராம் வரையிலும் இருக்கும். ஆனால் இந்தப் பொது அளவைவிட, உங்கள் கிளியின் வழக்கமான எடை எவ்வளவு என்பதே முக்கியம். அதிலிருந்து 10 விழுக்காடு குறைந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டாவது, நாளொன்றுக்கு ஏறத்தாழ எத்தனை எச்சங்கள், எந்த நிறத்தில் என்பது. மூன்றாவது குரல்: காலையில் எப்போது ஒலியெழுப்பத் தொடங்குகிறது, வழக்கமாக என்னென்ன ஒலிகள் என்பது. இவற்றோடு, பறவை மருத்துவத்தில் பயிற்சி உள்ள கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கிளியை வாங்குவதற்கு முன்பே கண்டறிந்து வைக்க வேண்டும். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், கிளிக்கு ஊசி போடும் அளவும் இரத்தம் எடுக்கும் முறையும் வேறு.

காரணம் தேடக் காத்திராமல் புறப்பட வேண்டிய நிலைகள்

வாலை மேலும் கீழும் அசைத்து மூச்சு வாங்குதல், வாயைத் திறந்தே மூச்சு விடுதல், வலிப்பு, அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தப்போக்கு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருத்தல், ஒரு நாள் முழுவதும் ஒன்றும் தின்னாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இக்கட்டுரையை மூடிவிட்டுப் புறப்படலாம். ஒட்டாத பூச்சுள்ள வாணலி அடுப்பில் அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் புகை கிளி இருந்த அறைக்கு வந்திருந்தாலும் அவ்வாறே. அப்பூச்சிலிருந்து கிளம்பும் ஆவி மனிதருக்குத் தெரியாத அளவிலேயே பறவையின் நுரையீரலைச் சிதைத்துச் சில நிமிடங்களில் கொன்றுவிடக்கூடும். வழியில் கிளியைச் சிறு பெட்டியில், கொம்பு இல்லாமல் துணி விரித்து, ஏறத்தாழ 29 அல்லது 30 பாகை செல்சியஸ் வெதுவெதுப்பில், மங்கலான வெளிச்சத்தில் வைக்க வேண்டும். வாயில் நீரையோ கஞ்சியையோ ஊற்றக் கூடாது. சோர்ந்த பறவைக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

வாங்கும் இடத்திலேயே தெரியும் அறிகுறிகள்

பிற்காலத்துத் தொல்லைகளில் பெரும்பகுதி, வாங்கும் நாளன்று பார்த்தும் பார்க்காமல் விட்டவையே. முதலில் இனத்தை அறிய வேண்டும். காங்கோ சாம்பல் கிளிக்கு அலகு முழுவதும் கறுப்பு, வால் செஞ்சிவப்பு. டிம்னே சாம்பல் கிளி உருவில் சிறியது, உடல் கருஞ்சாம்பல், வால் கருஞ்சிவப்பு, மேலலகில் எலும்பு நிறம் கலந்திருக்கும். டிம்னேயைக் காங்கோவின் குஞ்சு என்று சொல்லி விற்பவர் உண்டு. அலகின் நிறத்தைப் பார்த்தாலே அந்தப் பொய் வெளிப்பட்டுவிடும்.

குஞ்சு என்று கூறப்படும் கிளியின் கண் வெளிர் மஞ்சளாக இருந்தால் அது குஞ்சன்று. இளம் கிளியின் கண் கறுத்திருக்கும். மாதங்கள் செல்லச் செல்லச் சாம்பலாகி, ஓர் ஆண்டுக்கும் மேலான பிறகே மஞ்சள் தெளியும். கண்ணை வைத்துக் குஞ்சையும் வளர்ந்ததையும் பிரிக்கலாமேயன்றி, ஐந்து வயதா முப்பது வயதா என்று கண்டுபிடிக்க இயலாது. ஆணா பெண்ணா என்பதும் தோற்றத்தில் தெரியாது. மரபணுச் சோதனை வேண்டும்.

மூக்குத் துளைகள் இரண்டும் ஒரே அளவில், அடைப்பின்றி இருக்கின்றனவா, துளைக்கு மேலுள்ள இறகுகளில் கறை படிந்திருக்கிறதா, எச்சத் துவாரத்தைச் சுற்றி அழுக்கு ஒட்டியிருக்கிறதா, மார்பின் நடு எலும்பு கத்தி முனைபோல் துருத்துகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய ஆளைக் கண்டு உறுமுவது இளம் சாம்பல் கிளியின் இயல்பு, நோயன்று. ஆனால் வளர்ந்த கிளி ஒன்று மனிதர் அருகில் வந்தாலே உறுமிக்கொண்டு கூண்டின் பின்சுவரில் மோதி விழுமாயின், அது காட்டில் பிடிக்கப்பட்டதோ என்று ஐயுற வேண்டும்.

அந்த ஐயம் சிறிய விஷயமன்று. கானாவில் 1992-க்குப் பின்னர் இக்கிளிகளின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. பிடித்து விற்கும் வணிகமும் காடழிவுமே காரணங்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் மாநாடு 2016-இல் ஜோகன்னஸ்பர்கில் கூடி, இரு இனங்களையும் மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் இணைப்புப் பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரி முதல் காட்டுக் கிளிகளின் பன்னாட்டு வணிகம் அதன்படி தடைப்பட்டுள்ளது. ஆகவே வளர்ப்பகத்தில் பிறந்ததற்கான சான்றுகளையும், காலில் மூடிய வளையத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இணைப்பு இல்லாத முழு வளையத்தைப் பாதம் சிறிதாக இருக்கும் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே மாட்ட இயலும் என்பதால் அது ஒரு நல்ல சான்று. அதன் எண்ணும் தாளிலுள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும்.

விலை குறைவு, நம்மோடு ஒட்டிக்கொள்ளும் என்ற காரணங்களைக் கூறி, இன்னும் ஊட்ட வேண்டிய குஞ்சைத் தருவார்கள், ஏற்கக் கூடாது. ஊட்டும் கூழின் சூடு சற்று மிகுந்தால் தீனிப்பை வெந்துவிடும், குறைந்தால் கூழ் செரிக்காமல் தேங்கிப் புளிக்கும். குஞ்சு ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்களில் தானாகத் தின்னக் கற்கும். அதன் பிறகு வாங்குவதால் பாசம் குறைந்துவிடாது. என் கருத்தில், முதல்முறையாகச் சாம்பல் கிளி வளர்ப்பவருக்குக் குஞ்சைவிட, வேறொரு வீட்டிலிருந்து கைமாறும் வளர்ந்த கிளியே ஏற்றது. அதன் குணம், குரல், பயம் எல்லாம் ஏற்கெனவே கண்முன் இருக்கின்றன. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடிய பறவையை எடுக்கும்போது அது சிறிய வசதியன்று.

வீட்டில் வேறு பறவை இருந்தால் புதிய கிளியைக் குறைந்தது 30 நாள்கள், இயன்றால் 45 நாள்கள், தனி அறையில் வைக்க வேண்டும். அந்த நாள்களுக்குள் அலகு–இறகு நோய் வைரஸ், மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளிக் காய்ச்சல், இரைப்பையைக் கெடுக்கும் போர்னா வைரஸ் ஆகியவற்றுக்குச் சோதனை செய்துவிடலாம்.

இறகைப் பிடுங்குகிறது

சாம்பல் கிளி வளர்ப்பவரைப் பெரிதும் கலங்கச் செய்வது இதுவே. தனிமையால் பிடுங்குகிறது என்று முடிவுகட்டிப் பொம்மைகளை வாங்கிக் குவிப்பது பலர் செய்யும் தவறு. மனக் காரணத்தைக் கடைசியில்தான் வைக்க வேண்டும்; உடல் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிய பின் எஞ்சுவது அது.

முதலில் இது பிடுங்கல்தானா என்று பார்க்க வேண்டும். இறகு உதிரும் பருவத்தில் கூண்டின் அடியில் முழு இறகுகள் கிடக்கும், தோல் எங்கும் வெறுமையாகத் தெரியாது, புதிய முளைகள் உறையோடு துருத்தி நிற்கும். பிடுங்கும் கிளியின் மார்பிலும் தொடையிலும் சிறகின் அடியிலும் பஞ்சு போன்ற உள்ளிறகு மட்டும் இருக்கும் அல்லது தோலே தெரியும். கீழே கிடக்கும் இறகின் தண்டு மெல்லப்பட்டுப் பிளந்திருக்கும்.

அடுத்துத் தலையைப் பார்க்க வேண்டும். கிளியின் அலகு உடம்பில் எட்டாத ஒரே இடம் அதன் தலை. கழுத்துக்குக் கீழே வெறுமையும் தலையில் முழு இறகும் இருந்தால் பிடுங்குவது அக்கிளியே. தலையிலும் இறகு உதிர்ந்திருந்தால், கூட இருக்கும் மற்றொரு கிளி கோதிக் கோதிப் பறித்திருக்க வேண்டும். துணைக்கிளி இல்லையென்றால் இறகு முளைக்கும் குழியையே தாக்கும் நோய் இருக்கலாம். அலகு–இறகு நோயில் இறகுகள் சுருண்டும் நடுவில் இறுகியும் முளைக்கும். சாம்பல் இறகுகளுக்கு நடுவே புதிதாகச் சிவப்பு இறகுகள் தோன்றுவதைச் சிலர் அழகென்று மகிழ்வர். பலமுறை பிடுங்கிக் குழி சேதமானாலும் சிவப்பு முளைக்கும், இந்த வைரஸ் நோயிலும் முளைக்கும். எனவே அது மகிழ்வதற்கு முன் சோதிக்க வேண்டிய செய்தி.

மருத்துவர் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எக்ஸ்-ரேயும் எடுத்து, தோல் தொற்று, கிளிக் காய்ச்சல், கல்லீரல் கோளாறு, துத்தநாக நஞ்சு ஆகியவற்றைப் பார்ப்பார். ஒரே இடத்தை மட்டும் விடாமல் கொத்தினால் அந்த இடத்துக்கு உள்ளே வலி இருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, ஒரு காலை மட்டும் கடிக்கும் கிளிக்கு மூட்டில் கோளாறு இருக்கலாம்.

இவை இல்லையென்று தெரிந்த பிறகு வீட்டைப் பார்க்க வேண்டும். மழைக்காட்டின் ஈரக் காற்றுக்கு உரிய பறவை இது. குளிரூட்டியோ சூடேற்றியோ நாள் முழுவதும் ஓடும் அறையில் தோல் வறண்டு அரிக்கும். வாரத்துக்கு மூன்று நான்கு முறை வெதுவெதுப்பான நீரைப் பனிபோல் தெளித்துக் குளிக்க வைப்பது நல்லது. முகத்தில் பீய்ச்சாமல், தலைக்கு மேலிருந்து தூறலாக விழச் செய்தால் பயந்த கிளியும் சில வாரங்களில் சிறகை விரித்து நிற்கும். வீட்டில் புகைபிடிப்பவர் கையில் கிளியை ஏற்றினால் விரலில் ஒட்டிய நிக்கோட்டின் அதன் காலிலும் பிறகு இறகிலும் படியும். கைக்குப் பூசும் கிரீமும் அவ்வாறே.

பிறகு தூக்கம். நிலநடுக்கோட்டுப் பகுதியில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம். சாம்பல் கிளிக்கு 10 முதல் 12 மணி நேர இருட்டும் அமைதியும் வேண்டும். நள்ளிரவு வரை தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் கூண்டின் மேல் துணி போர்த்துவதால் அது தூங்கிவிடாது. ஒலியை உற்றுக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் பின்னரே மனம். சமீபத்தில் என்ன மாறியது என்று பட்டியலிட்டுப் பாருங்கள்: கூண்டின் இடம், வீட்டில் ஓர் ஆள் குறைந்தது, புதிய குழந்தை, சன்னலுக்கு வெளியே வந்தமரத் தொடங்கிய காகம் அல்லது பருந்து. மாற்ற முடியாததைக் கிளி பழகிக்கொள்ளும் வரை, அதன் நேரத்தை வேலையால் நிரப்புவதே வழி. காட்டில் இக்கிளிகள் பகலின் பெரும்பகுதியை இரை தேடியே கழிக்கும். வீட்டிலோ கிண்ணத்தில் தீனி காத்திருக்கிறது, பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. தீனியைக் காகிதத்தில் சுருட்டியும், சிறு அட்டைப்பெட்டியில் மூடியும், மரத்துண்டின் துளைகளில் திணித்தும் வைத்தால் அலகு இறகை விட்டு வேறொன்றுக்குச் செல்லும். பிடுங்கும் நேரத்தில் ஓடிச் சென்று பெயர் சொல்லி அதட்டக் கூடாது; இறகைப் பிடுங்கினால் ஆள் வருகிறார் என்பதைக் கிளி ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். கழுத்தில் மாட்டும் தடுப்பு வளையம், தோலையும் சதையையும் கிழித்துக்கொள்ளும் கிளிக்கு மட்டும், மருத்துவர் சொல்லி மாட்ட வேண்டியது. நெடுநாள் பிடுங்கிய இடங்களில் குழிகள் தழும்பேறியிருந்தால் இறகு திரும்ப முளைக்காது. கிளி நலமாகிவிட்டதா என்பதை அந்த இடத்தை வைத்து மதிப்பிடாமல், எடையையும் புதிய இறகுகளையும் வைத்து மதிப்பிட வேண்டும்.

கொம்பிலிருந்து தடுமாறி விழுகிறது அல்லது வலிப்பு வருகிறது

இளம் சாம்பல் கிளி இயல்பாகவே சற்றுத் தடுமாறும். சிறகை ஒட்ட வெட்டியிருந்தால் கல்லைப்போல் கீழே விழுந்து மார்பெலும்பின் மேல் தோல் பிளந்துகொள்ளும். வெட்டிய சிறகால் விழுவதும் உடல் தளர்ச்சியால் விழுவதும் வேறு. பிடி நழுவுதல், கால் நடுங்குதல், தலை ஆடுதல், சிறகு துடித்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது இரத்தத்தில் கால்சியம் குறைந்திருப்பது. மற்றக் கிளிகளைவிடச் சாம்பல் கிளியிடம் இக்குறை மிகுதியாகக் காணப்படுகிறது. நேற்று வரை பேசிக்கொண்டிருந்த கிளி இன்று கூண்டின் அடியில் விறைத்துக் கிடக்கும்.

வலிப்பின்போது கூண்டிலுள்ள கொம்புகளையும் பொம்மைகளையும் எடுத்துவிட்டு, அடியில் துண்டை விரித்து, அறையை இருட்டாக்க வேண்டும். பிடித்து அழுத்தக் கூடாது. எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்துக்கொண்டு, இயன்றால் கைப்பேசியில் படம் பிடித்து, உடனே புறப்பட வேண்டும். மருத்துவர் கால்சியத்தை ஊசியில் தருவார். அது சில நிமிடங்களில் வேலை செய்வதே நோயை உறுதிப்படுத்தும் அடையாளங்களில் ஒன்று.

காரணம் பெரும்பாலும் இரண்டாகச் சேர்ந்து இருக்கும். ஒன்று தீனி: சூரியகாந்தி விதையில் கொழுப்பும் பாஸ்பரசும் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. விதைக் கலவையை வைத்தால் அதிலிருந்து சூரியகாந்தியை மட்டும் பொறுக்குவதில் இக்கிளிக்கு இணை இல்லை. மற்றது வெயில்: தின்ற கால்சியம் உடலில் சேர டி3 வைட்டமின் வேண்டும், அது தோலில் உருவாகப் புற ஊதாக் கதிர் வேண்டும். சன்னலருகே கூண்டு இருப்பதால் பயனில்லை. அக்கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நிழலுக்கு ஒதுங்க இடம் விட்டு, ஆள் கூடவே இருந்து, கூண்டை வெளியே வைப்பதே மேல். இயலாதபோது பறவைகளுக்கென்று விற்கப்படும் புற ஊதா விளக்கைப் பயன்படுத்தலாம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் குறைந்துவிடும் என்பதால் தயாரிப்பாளர் கூறும் காலத்தில் மாற்ற வேண்டும். பயந்துபோய்க் கால்சியப் பொடியையும் டி3 மருந்தையும் தாமாகவே அள்ளிக் கொடுப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. மிகுந்த டி3 சிறுநீரகத்தில் கால்சியத்தைப் படியச் செய்யும். சத்துச் சேர்த்த பெல்லட் என்னும் தயாரிப்புத் தீனி உருண்டைகளைத் தின்னும் கிளிக்கு இது மேலும் பொருந்தும்.

இதே அறிகுறிகளை ஈயமும் துத்தநாகமும் உண்டாக்கும். துத்தநாகப் பூச்சிட்ட மலிவான கம்பிக்கூண்டு, திரைச்சீலை அடியில் தைத்த எடைக்குண்டு, பழைய பெயின்ட் ஆகியவற்றைச் சாம்பல் கிளி பொறுமையாகச் சுரண்டித் தின்னும். மருத்துவரிடம் செல்லும்போது அது கடித்த பொருளையும் எடுத்துச் செல்லுங்கள்.

மூச்சில் ஓசை, தும்மல், குரல் மாற்றம்

நாளுக்கு ஓரிரு வறண்ட தும்மல் இயல்பு. தன் இறகுத் தூளாலேயே தும்மும். மூக்கில் ஈரம், துளையில் கட்டி, கண்ணைச் சுற்றி வீக்கம் இருந்தால் ஏ வைட்டமின் குறைவை எண்ண வேண்டும். விதை மட்டும் தின்னும் கிளியின் மூக்கின் உட்தோல் தடித்துக் கிருமிக்கு இடம் கொடுக்கும். வாய்க்குள் வெண்மையான திட்டுகளும் தோன்றும். கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய், பூசணி ஆகியவை இதைத் தடுக்கும்.

தும்மலே இல்லாமல் குரல் மட்டும் கம்மிப்போவது இவற்றைவிடக் கவலைக்குரியது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை மூச்சுக்குழல் பிரியும் இடத்தில், அதாவது பறவையின் குரல் பிறக்கும் இடத்திலேயே, வளரக்கூடும்; சாம்பல் கிளி அதற்கு எளிதில் இலக்காகும். சிறிது பறந்த பின் நெடுநேரம் மூச்சு வாங்குவதும் இதன் அடையாளம். தோலோடு உள்ள வேர்க்கடலை, ஈரமான கூண்டு விரிப்பு, கிண்ணத்தில் ஊறிக் கிடக்கும் பழம் ஆகிய மூன்றும் பூஞ்சை வரும் வழிகள். கூண்டின் அடியில் வெற்றுத் தாளை விரித்து நாள்தோறும் மாற்றினால் போதும். எச்சத்தைப் பார்க்கவும் அதுவே வசதி.

எச்சம் மாறியிருக்கிறது

எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு: பச்சை அல்லது பழுப்பான மலம், சிறுநீரகம் வெளியேற்றும் வெண்மையான யூரேட், தெளிந்த நீர். பழமும் காய்கறியும் தின்ற நாளில் நீர் கூடுவதும், பீட்ரூட் தின்ற பின் சிவப்பதும் பொருட்டல்ல. வெண்பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும். கிளிக் காய்ச்சலிலும் அது வரும். மலத்தில் செரிக்காத விதைகள் முழுதாக வெளிவந்து, நன்றாகத் தின்றும் எடை குறைந்தால் போர்னா வைரஸ் உண்டாக்கும் இரைப்பை விரிவு நோயை ஐயுற வேண்டும். கறுத்த கட்டியோ புதிய இரத்தமோ எந்நாளும் அவசரம்.

விதையைத் தவிர எதையும் தின்பதில்லை

பிடிவாதம் என்று இதைச் சொல்வது சரியன்று. கிளிக்குப் பெல்லட் உணவாகவே தெரியவில்லை என்பதுதான் உண்மை. பசித்தால் தின்னும் என்று விதையை ஒரேயடியாக நிறுத்தினால், கிண்ணம் நிறையப் பெல்லட்டை வைத்துக்கொண்டே அது பட்டினி கிடக்கும். காலையில் பெல்லட்டும் நறுக்கிய காய்கறியும், மாலையில் அளவான விதையும் என்று தொடங்கி, பல வாரங்களில் விதையைக் குறைத்து வர வேண்டும். இக்காலத்தில் எடையை நாள்தோறும் பார்ப்பது கட்டாயம். உங்கள் தட்டிலிருந்து எடுத்துத் தின்பதைப்போல் காட்டிவிட்டுக் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும், ஏனெனில் கூட்டத்தில் மற்றொன்று தின்பதைக் கண்டே இக்கிளி தின்னக் கற்கிறது. வெண்ணெய்ப்பழம் என்னும் அவகேடோ, சாக்லேட், காபி, மது, வெங்காயம், உப்பிட்ட தின்பண்டங்கள் எக்காரணம் கொண்டும் கூடாது.

தீனியைக் கக்குகிறது

தலையை மேலும் கீழும் ஆட்டி, உங்கள் விரலுக்கோ கண்ணாடிக்கோ முன்னால் பதமாகக் கக்கினால் அது காதல். உங்களைத் துணையாக எண்ணி ஊட்டுகிறது. முதுகையும் வால் அடியையும் தடவுவதை நிறுத்தித் தலையையும் கழுத்தையும் மட்டும் கோதினால், பதுங்கிக்கொள்ளும் பெட்டிகளை அகற்றினால், அது குறையும். தலையை உதறி, முகத்து இறகெல்லாம் நனையும்படி சிதறிக் கக்கினால் அது வாந்தி. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

திடீரென்று கடிக்கிறது

எச்சரிக்காமல் கடிக்கும் கிளி மிக அரிது. எச்சரித்ததைக் கவனிக்காத மனிதரே மிகுதி. கண்மணி சுருங்கி விரிதல், பிடரி இறகு எழும்புதல், உடல் விறைத்தல், அலகைச் சற்றே திறந்து முன்னால் சாய்தல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் கையை நீட்டக் கூடாது. ஏறு என்றதும் கிளி விலகினால் அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டு சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். மறுப்பு மதிக்கப்படும் வீட்டில் கிளிக்குக் கடிக்க வேண்டிய தேவை குறையும். இனப்பெருக்க வயதை எட்டும் ஆண்டுகளில் அமைதியான கிளியும் சில வாரங்கள் மாறும். வயது முதிர்ந்த கிளி காரணமின்றிச் சிடுசிடுத்தால் வலியைத் தேட வேண்டும்.

ஒருவரிடம் மட்டும் ஒட்டி மற்றவரைக் கடிப்பதும் இவ்வினத்தில் வழக்கம். அந்த ஒருவர் அறையில் இல்லாதபோது மற்றவர்கள் அதற்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து வருவதே நான் அறிந்த வழி. அது மெதுவாகத்தான் பலிக்கும்.

ஓயாமல் கத்துகிறது, அல்லது பேசவே இல்லை

நீங்கள் அடுத்த அறைக்குச் சென்றதும் எழுப்பும் ஒலி, கூட்டத்தைத் தேடும் அழைப்பு. பதிலுக்கு ஒரே மாதிரியான சீழ்க்கையைத் தொலைவிலிருந்து எழுப்பினால் அது அமைதியடையும். கத்தும்போது ஓடி வந்தால் கத்துவதே கருவியாகிவிடும்.

பேசாமையை நோயாக எண்ண வேண்டாம். பெரும்பாலான சாம்பல் கிளிகள் ஓராண்டை ஒட்டியோ அதற்குப் பின்னரோ பேசத் தொடங்கும். சில ஒருபோதும் பேசா, மைக்ரோவேவ் அடுப்பின் ஒலியோடு நிறுத்திக்கொள்ளும். கிளிகளின் அறிவை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க்கின் அலெக்ஸ் என்னும் சாம்பல் கிளி நிறங்களையும் வடிவங்களையும் ஆறு வரையிலான எண்ணிக்கையையும் சொன்னதைக் கேள்விப்பட்டு இவ்வினத்தை விரும்புவோர் பலர். அக்கிளி 1977-இல் வாங்கப்பட்டு 2007-இல் இறக்கும் வரை, ஆய்வுக்கூடத்தில் ஆள்கள் மாறி மாறிப் பல ஆண்டுகள் அதனோடு உழைத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த கிளி திடீரென்று அமைதியானால் அது வேறு. மேலே கூறிய மூச்சுக் கோளாறுகளிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.

இரத்தம் வருகிறது

புதிதாக முளைக்கும் சிறகிறகின் தண்டில் இரத்தம் ஓடும். இரவில் திடுக்கிட்டுக் கூண்டில் மோதினால் அது ஒடிந்து கொட்டும். சோளமாவை வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் அழுத்த வேண்டும். இறகை நீங்களே பிடுங்க முயலாதீர்கள். இரவில் திடுக்கிடும் கிளிக்கு மங்கலான ஒரு சிறு விளக்கு போதும். கம்பி இடைவெளி 2 முதல் 2.5 சென்டிமீட்டருக்குள்ளும், கூண்டு குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழமும் இருந்தால் தலையோ சிறகோ சிக்கும் வாய்ப்பும் குறையும்.

தனியாக வாழும் கிளி முட்டையிடுகிறது

ஆண் என்று எண்ணியிருந்த கிளி முட்டையிடுவது புதிதன்று. முட்டையை உடனே எடுத்தால் மீண்டும் இடும்; அடைகாப்பதைக் கிளி தானாகக் கைவிடும் வரை முட்டையை விட்டு வைக்கலாம். முக்கி முக்கி, கால் அகற்றி நின்றும் முட்டை வெளிவராவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் உள்ளவர்க்கு இருமல்

சாம்பல் கிளியின் உடலிலிருந்து வெண்தூள் இடைவிடாது உதிரும். ஆஸ்துமா உள்ளவர் இக்கிளியை எடுப்பதற்கு முன் அது இருக்கும் அறையில் சில மணி நேரம் இருந்து பார்ப்பது நல்லது. அடிக்கடி குளிப்பாட்டலும், நுண்தூளை வடிகட்டும் காற்றுச் சுத்திகரிப்பானும், உலர்ந்த எச்சத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் தூளைக் குறைக்கும். ஆண்டுக்கணக்கில் இத்தூளைச் சுவாசிப்பவர் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகி, படியேறினாலே மூச்சு வாங்கத் தொடங்கும்.

காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் மூன்றும் சேர்ந்து வந்தால் கிளிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றியிருக்கலாம். கிளமிடியா சிட்டசி என்னும் பாக்டீரியா உலர்ந்த எச்சத்தின் தூசி வழியே பரவும். கிளிக்கு டாக்சிசைக்ளின் மருந்தை வழக்கமாக 45 நாள்கள் தொடர்ந்து தருவார்கள். இடையில் நலமாகத் தெரிந்தாலும் நிறுத்தக் கூடாது. மனிதரைப் பார்க்கும் மருத்துவர் தாமாகக் கேட்கமாட்டார் என்பதால், வீட்டில் கிளி இருக்கிறது என்பதை நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.